பிரேக் கத்தினால் பேட், ஏசி குளிராவிட்டால் கேஸ்? பழைய காருக்கு முதலில் சோதனை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் போனாலும் சரி, மீனாட்சிபுரம் வழியாகப் போனாலும் சரி, கேரள எல்லை தாண்டிக் கொல்லங்கோடு, நெம்மாறை பக்கம் நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் கூடிக்கொண்டே வரும். இந்தப் பக்கம் காய்ந்த வெயிலும் தென்னை நார்த் தூசியும். அந்தப் பக்கம் ஜூன் பிறந்தால் மழை. தெற்கே திரும்பினால் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒரே கார் ஒரு வாரத்துக்குள் இந்த மூன்றையும் பார்த்துவிடுகிறது. புது வண்டி தாங்கிக்கொள்ளும். பதினைந்து வருடம் ஓடிய ஆல்ட்டோ, வேகன்-ஆர், சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் இரண்டு இடத்தில் முனக ஆரம்பிக்கும்: பிரேக்கில், அப்புறம் ஏசியில்.

பட்டறைக்குப் போனால் பதில் தயாராக இருக்கும். பிரேக் கத்துகிறதா, "பேட் மாத்திரலாங்ணா." ஏசி குளிரவில்லையா, "கேஸ் கம்மியா இருக்குமுங்க, அடிச்சு உட்டர்லாம்." சில நேரம் அதுவே சரியான பதிலாகவும் இருந்துவிடுவதால்தான் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. மற்ற நேரங்களில், புதுப் பேட் போட்ட ஒரு மாதத்தில் அதே கிறீச். கேஸ் அடித்த கோடை முடிவதற்குள் அதே புழுக்கம். எந்தப் பாகம் போயிற்று என்று கேட்பதற்கு முன், சத்தமோ சூடோ எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பெடலை மிதித்தால் மாறுகிறதா, சக்கர வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, ஸ்டீயரிங் திருப்பினால், வண்டி சூடானால், ஏசி பட்டனை அணைத்தால் மாறுகிறதா? இதைப் பார்க்க அரை மணி நேரமும் காலி ரோடும் போதும்.

சுவரோரமாக ஓட்டிப் பாருங்கள்

நீளமான காம்பவுண்டு சுவர் ஒன்றின் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். வெட்டவெளியில் காற்றோடு போய்விடும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். முதலில் பிரேக்கைத் தொடாமல், பிறகு லேசாக மிதித்து, பிறகு அழுத்தி மிதித்து, கடைசியில் ரிவர்ஸ் எடுத்து. ரோடு குறுகலாக இருந்தால் திரும்பி வரும்போது வலது பக்கச் சக்கரங்களின் சத்தமும் தனியாகக் கிடைக்கும்.

ராத்திரி மழையில் நின்ற வண்டி காலையில் முதல் நாலைந்து மிதிக்குக் கரகரவென்று சொல்லிவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொண்டால் அது டிஸ்க்கின் (சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு) மேல் படிந்த துரு. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்த்து அதைத் துடைத்துவிடும். செலவு செய்ய வேண்டிய விஷயமே இல்லை. பத்து நாள் மழையில் எடுக்காமல் நின்ற வண்டி வேறு கதை. பேட் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் துரு ஆழமாக இறங்கி, அந்த வடிவத்திலேயே தழும்பு விழுந்திருக்கும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை "டக்" என்று பெடலில் தெரியும்.

பிரேக்கைத் தொடாமலே மெல்லிய, கூர்மையான கிறீச் ஓடிக்கொண்டே இருந்து, மிதித்தால் நின்றுவிடுகிறது அல்லது மாறுகிறது என்றால் பேட்டைப் பாருங்கள். பல பேட்களில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று வைத்திருப்பார்கள். தேய்மானம் எல்லைக்கு வந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கத்தும். புதுப் பேட்டில் உராயும் பகுதி மட்டும் சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும். மலை ஏறி இறங்கும் வண்டிக்கு 4 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் மெல்லிய பேட் சூட்டைச் சீக்கிரமாக உள்ளே பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் கடத்திவிடும். வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்து "நிறைய இருக்கு" என்று சொல்பவரை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர் பார்ப்பது வெளிப் பேட்டை. பேட்டை டிஸ்க்கோடு நெருக்கும் காலிப்பர் முன்னும் பின்னும் சறுக்குவதற்கு உள்ள இரும்பு ஊசி (இதைத்தான் பட்டறையில் பின் என்பார்கள்) இறுகிப் போன வண்டியில் உள் பேட் முழுக்கத் தேய்ந்திருக்க, வெளிப் பேட் பாதி அப்படியே இருக்கும். வீலைக் கழற்றாமல் இதைப் பார்க்க முடியாது. நறநறவென்று இரும்பு இரும்போடு உரசும் சத்தம் வந்துவிட்டால் சோதனை வேண்டாம், ஓட்டவும் வேண்டாம்.

பேட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மிதித்தால் கத்துகிறது. இந்த ஊர் வண்டிகளில் அதிகம் வருவது இதுதான், புதுப் பேட் வீணாகப் போவதும் இங்கேதான். கிறீச் என்பது பேட்டும் காலிப்பரும் சேர்ந்து வேகமாக அதிர்வது. அந்த அதிர்வை அடக்க மூன்று ஏற்பாடு உண்டு: பேட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் தகடு, பேட் காது உட்காரும் இடத்திலுள்ள ஸ்பிரிங் கிளிப், கிரீஸ் போட்ட பின். பேட் மாற்றும் அவசரத்தில் பழைய தகட்டைத் தூக்கி எறிவார்கள், கிளிப்பைத் துருவோடு திரும்ப மாட்டுவார்கள், பின்னைத் தொடவே மாட்டார்கள். புதுப் பேட்டும் கத்தாமல் என்ன செய்யும்?

இதைச் சரிசெய்யும் முறை கடினம் இல்லை. சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்துங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு கொடுக்காமல் கை வைக்கக் கூடாது. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால், பெரும்பாலான சின்னக் கார்களில் காலிப்பர் மேலே மடங்கும். முழுதாகக் கழற்றினால் அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பி போட்டு சஸ்பென்ஷனில் கட்டுங்கள். இரண்டு பின்னையும் உருவிப் பாருங்கள். கையால் தள்ளினால் தானாக உள்ளே போய் வர வேண்டும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போய்ப் பின்னில் பழுப்புத் துரு படிந்திருக்கும். துடைத்து, நைஸ் எமரி பேப்பரால் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். பேரிங் கிரீஸோ இன்ஜின் ஆயிலோ கூடவே கூடாது; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் பின்னையே பிடித்துக்கொள்ளும். கிளிப்பைக் கழற்றி, அதற்கு அடியில் பொருக்குத் தட்டிய துருவை அரத்தால் சுரண்டுங்கள். பேட் கையால் அழுத்தினாலே கிளிப்பில் சறுக்க வேண்டும், சுத்தியல் கேட்கக் கூடாது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும்; பொங்கி பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். எல்லாம் மாட்டியதும் கியர் போடுவதற்கு முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பேட்டை டிஸ்க்குக்குக் கொண்டுவாருங்கள். இதை மறந்தால் முதல் மிதி தரைக்குப் போகும், வண்டி நிற்காது. வீல் நட்டை எதிரெதிராக, படிப்படியாக இறுக்குங்கள். சின்னக் கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும்.

புதுப் பேட் போட்டிருந்தால் அதைப் பழக்கவும் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு, முழுதாக நிறுத்தாமல், பத்துத் தடவை நிதானமாகக் குறைத்துவிட்டு, பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். இதைச் செய்யாமல் நேரே மலை ஏறி இறங்கினால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகும், பிறகு வாழ்நாள் முழுக்கக் கத்தும்.

மற்ற சத்தங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். திடீரென்று தகரத்தை இழுப்பது போலச் சத்தம் வந்து, ரிவர்ஸ் எடுத்ததும் நின்றால், டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையே கல் மாட்டியிருக்கிறது. முன்னே பின்னே நகர்த்தினால் விழுந்துவிடும், இல்லையென்றால் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் லேசாக வளைத்துவிட வேண்டும். முன்னே போய் மிதிக்கும்போது ஒரு "டொக்", ரிவர்ஸில் மிதிக்கும்போது இன்னொரு "டொக்" என்றால் கிளிப் தளர்ந்து பேட் ஆடுகிறது. ஊஉவென்று வேகத்தோடு ஏறும் இரைச்சல் பிரேக் மிதித்தாலும் மாறாமல், ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் கூடுகிறது என்றால் வலது சக்கர பேரிங். பாரம் அந்தப் பக்கம் சாய்வதால் கூடுகிறது. முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் டக்டக்கென்றால் ஆக்ஸில் ஜாயின்ட். கடைசி இரண்டுக்கும் பிரேக்கில் கை வைத்துப் பிரயோஜனம் இல்லை.

மிதித்தால் பெடலும் ஸ்டீயரிங்கும் உதறுவதை "டிஸ்க் பெண்டு" என்பார்கள். டிஸ்க் பெரும்பாலும் வளைவதில்லை. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் துரு சேர்ந்து டிஸ்க் ஒரு நூல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், அல்லது வீல் நட்டு ஏற்றத்தாழ்வாக இறுகியிருக்கும். அப்படியே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து தடிமன் மாறிவிடும். லேத்துக்கு அனுப்புவதற்கு முன் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பாருங்கள். அதற்குக் கீழே கடைவதும் கடைந்து மாட்டுவதும் உயிரோடு விளையாடுவது.

பின் சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஏர் பிடித்து ஊதாதீர்கள். டிரம்முக்குள் உரசும் ஷூவின் பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து நனைத்துத் துடைக்க வேண்டும். ஷூ உரசும் பின் தகட்டில் ஆறேழு இடம் பளபளவென்று இருக்கும். அங்கே உலர்ந்திருந்தால் மெதுவாக நிற்கும்போது கிரீச் கிரீச்சென்று கட்டில் சத்தம் வரும். அந்தப் புள்ளிகளில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனி அளவு வையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பரை நகத்தால் லேசாகத் தூக்கினால் உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டர் கசிகிறது. லைனிங் நனைந்திருந்தால் கழுவிப் போட்டாலும் உதவாது, இரண்டு பக்கமும் புது ஷூ போடத்தான் வேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறதா? பிரேக் அதிகம் பிடிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு வீலுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோனாலே தெரியும். தொட வேண்டாம், சுட்டுவிடும். அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் காலிப்பரின் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்கவும். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் காலிப்பர் குற்றவாளி இல்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்து ஆயிலைத் திரும்ப விடவில்லை, அல்லது பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் விடவில்லை. திறந்தும் விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ துருவில் பிடித்திருக்கிறது. ஐந்து நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாமல் காலிப்பர் வாங்கி மாட்டிவிட்டு, அப்புறமும் சூடாகிறதே என்று திகைப்பவர்கள் உண்டு.

ஆழியாறு இறக்கம்

வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை உயரம் சுமார் 700 மீட்டர் குறைகிறது. ஆளோடு சேர்த்து ஆயிரம் கிலோ வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வரும் ஆற்றல் எழுபது லட்சம் ஜூலுக்குச் சற்றுக் குறைவு. 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினுக்குக் கொடுக்கவில்லை என்றால் கைக்கடக்கமான இரண்டு டிஸ்க்கும் இரண்டு டிரம்மும்தான் சுமக்க வேண்டும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பஸ் டிரைவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இன்ஜின் பங்கையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்கள். இன்ஜினையே அணைத்து உருட்டுபவர்களுக்குப் பூஸ்டரின் (கால் அழுத்தத்துக்குப் பலம் கூட்டும் பாகம்) உதவி இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும்.

சூட்டில் பிரேக் தோற்பது இரண்டு விதம், இரண்டையும் கால் சொல்லிவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, மிதித்தும் வண்டி பிடிக்கவில்லை, கருகல் வாடை அடிக்கிறது என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சாகி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது. இரண்டாவதுதான் கொடியது. டாட் 3 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் இழுத்துப் பழசானபின் அதன் தர அளவு 140. டாட் 4க்கு இது 230, 155. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுக்கும். பாலக்காட்டு மழைக்காலம் இரண்டைக் கடந்த ஆயிலோடு மலைக்குப் போகாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது கிலோமீட்டர் கணக்கில் வராது, காலக் கணக்கில்தான் வரும். டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான், அதைக் கலக்கக் கூடாது. திறந்து பாதி வைத்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைப்பதும் வீண்.

இறக்கத்தில் பெடல் பஞ்சானால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, கை பிரேக்கைப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சிறுகச் சிறுக இழுத்து, மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். நின்றபின் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். அரை மணி நேரம் ஆறினால் பெடல் திரும்பக் கெட்டியாகும். கெட்டியானதை நம்பி அதே ஆயிலோடு மிச்ச வளைவுகளை வேகமாக இறங்குவதுதான் ஆபத்து.

உஸ்ஸென்று ஒரு சத்தம்

பிரேக்கும் ஏசியும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. டாஷ்போர்டுப் பக்கம் "உஸ்" கேட்கிறது. பெடல் மிதித்திருக்கும் வரை கேட்டு, கால் எடுத்ததும் நின்றால் பிரேக் பூஸ்டரின் டயாஃப்ரம். இன்ஜினை அணைத்துப் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கெட்டியாகும். அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ அதன் வேக்கம் குழாயோ சரியில்லை. பெடலுக்குச் சம்பந்தமே இல்லாமல், ஏசி போட்டிருக்கும்போது இடது பக்க டாஷுக்குள் விடாமல் உஸ்ஸென்றால் கேஸ் குறைந்து எக்ஸ்பான்ஷன் வால்வில் (கேஸைச் சின்னத் துளை வழியாக விட்டுக் குளிர வைக்கும் வால்வு) திரவத்தோடு ஆவியும் பாய்கிறது. வண்டியை அணைத்தபின் ஒரு நிமிடம் மட்டும் உஸ்ஸென்பது இரு பக்க அழுத்தமும் சமமாவது. அதற்கு யாரிடமும் போக வேண்டாம்.

கேஸுக்கு முன்னால்

ஏசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடு வென்ட்டில் சொருகுங்கள். "முன்ன மாதிரி இல்லை" என்பது அளவு இல்லை. கண்ணாடி எல்லாம் மூடி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, ஃபேன் இரண்டில், இன்ஜின் 1500 சுற்றில் பத்து நிமிடம். வெளியே 33, 34 டிகிரியும் காய்ந்த காற்றும் என்றால் வென்ட்டில் 6 முதல் 10 வரை வரலாம். மழைக்கால நெம்மாறையில் அதே ஏசி 12ல் நின்றால் அது கெட்டுப்போகவில்லை. காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவே அதன் சக்தியில் பெரும்பங்கு போகிறது.

ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சுடுகிறது. இதற்குத்தான் அதிகம் பேர் தேவையில்லாமல் கேஸ் அடிக்கிறார்கள். ஓடும்போது எதிர்காற்று கன்டென்சரைக் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) குளிர்விக்கிறது, நின்றால் அந்த வேலை ஃபேனுடையது. ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா, காற்றை உள்ளே இழுக்கிறதா என்று பாருங்கள். ஒயர் மாற்றிக் கொடுத்து எதிர்த்திசையில் சுற்றும் ஃபேனும் பழைய வண்டிகளில் கிடைக்கும். பிறகு ஒரு வாளித் தண்ணீர். நின்ற வண்டியில் ஏசி ஓடும்போது கன்டென்சர் மேல் மெதுவாகத் தெளியுங்கள். வென்ட் சூடு இரண்டு மூன்று நிமிடத்தில் நன்றாக இறங்கினால் கோளாறு சூட்டை வெளியேற்றுவதில்தான். ஒன்று ஃபேன் பலவீனம், அல்லது கன்டென்சர் அடைப்பு, அல்லது யாரோ ஏற்கெனவே கேஸை அளவுக்கு மேல் அடித்துவிட்டார்கள்.

பொள்ளாச்சி, ஆனைமலை வண்டிகளின் கன்டென்சரைக் கண்ணுக்கு எதிரே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். நார் மில்களின் தூசி, பூச்சி, எண்ணெய்ப் பிசுக்கு மூன்றும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று நார்த்தூளை எல்லாம் ரோட்டுக்குக் கொண்டுவருகிறதே, அதன் வேலை. ரேடியேட்டரின் மேல் போல்ட்டுகளைத் தளர்த்திப் பின்னால் சாய்த்து, சாதாரண ஹோஸ் தண்ணீரால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் மெல்லிய ஃபின் எல்லாம் மடிந்து, கழுவாமலே விட்டிருக்கலாம் என்று ஆகிவிடும்.

முதல் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு வென்ட்டில் காற்றே குறைந்து போகிறது. ஃபேன் சத்தம் இருக்கிறது, காற்று இல்லை. டாஷுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் பனி கட்டிவிட்டது. ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் காற்று திரும்பி, வண்டிக்குக் கீழே தண்ணீர் கொட்டும். உறைபனிக்குச் சற்று மேலேயே கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டோ தெர்மிஸ்டரோ தன் இடத்திலிருந்து நழுவியிருக்கும் அல்லது செத்திருக்கும். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதேதான். பழைய மாடல் பலவற்றில் ஃபில்டரே கிடையாது, நார்த்தூசி நேரே காயிலில் ஒட்டும்.

குளிர் விட்டுவிட்டு வருகிறது, இன்ஜின் நன்றாகச் சூடானபின் கம்ப்ரசர் "டக்" என்று பிடிப்பதே இல்லை, ஆறினால் திரும்பப் பிடிக்கிறது. கம்ப்ரசரின் கிளட்சைப் பாருங்கள் (கியர் கிளட்ச் இல்லை, கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்ச்). தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி 0.3 முதல் 0.6 மி.மீ. இருக்க வேண்டும்; தேய்ந்து அது கூடினால் சூடான கிளட்ச் காயிலின் காந்தத்துக்கு இழுக்கப் பலம் போதாது. கிளட்சுக்குக் கரன்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து, வருகிறது ஆனால் பிடிக்கவில்லை என்றால், நடு போல்ட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தால் இடைவெளி குறையும். கம்ப்ரசரே மாற்ற வேண்டும் என்று சொல்லப்படும் வண்டிகளில் சில இந்த வாஷரோடு சரியாகிவிடும்.

இன்னொன்று, கேஸ் பக்கமே வராதது: ஹீட்டர் வால்வின் கேபிள் நழுவி, கொதிக்கும் கூலன்ட் ஹீட்டர் காயிலில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசி குளிர்விக்கும், ஹீட்டர் சுடவைக்கும், வென்ட்டில் வெதுவெதுப்பு. வால்வு உள்ள வண்டிகளில் ஹீட்டர் ஹோஸ் இரண்டும் சுட்டால் வால்வு மூடவில்லை.

கேஜ் மாட்டிய பிறகு

இத்தனையும் சரி, இன்னும் குளிரவில்லை என்றால் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டலாம். ஆர்-134ஏ கேஸ் போட்ட வண்டியில் 32, 33 டிகிரி வெயிலில் தாழ் பக்கம் 25 முதல் 40 பி.எஸ்.ஐ., உயர் பக்கம் 180 முதல் 240 வரை இருந்தால் பொதுவாக ஆரோக்கியம். இரண்டும் குறைவு, கிளட்ச் சட்சட்டென்று பிடித்து விடுகிறது என்றால் கேஸ் குறைவு. இரண்டும் கூடுதல் என்றால் கன்டென்சர் குளிரவில்லை, கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று இருக்கிறது. தாழ் பக்கம் உயர்ந்தும் உயர் பக்கம் தாழ்ந்தும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. தாழ் பக்கம் மெல்ல வேக்கம் வரைக்கும் இறங்கி, குளிர் போய், சற்று நிறுத்தி வைத்தால் திரும்பி வந்தால், உள்ளே நுழைந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் பனியாக உறைகிறது. வண்டி அணைந்திருக்கும்போது காட்டும் அழுத்தத்தை வைத்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே 30 டிகிரியில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும், நூறு கிராம் இருந்தாலும் அதே, ஐந்நூறு இருந்தாலும் அதே.

கேஸ் எரிந்து தீரும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருக்கிறதா, கன்டென்சரின் கீழ்ப்பகுதியில் கல் பட்டிருக்கிறதா, கம்ப்ரசர் தண்டின் சீல் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியிடும். வெளியே எங்கும் இல்லையென்றால் பெரும்பாலும் டாஷுக்குள் கூலிங் காயில்.

கசிவை அடைத்தபின் வேக்கம் போடுவதில்தான் எல்லையோரத்துக்கென்று ஒரு விசேஷம். வேக்கத்தின் வேலை உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்கவைத்து வெளியே இழுப்பது. கடல் மட்டத்தில் கேஜ் மைனஸ் 29 அங்குலம் காட்டினால் உள்ளே தண்ணீர் சுமார் 25 டிகிரியில் கொதிக்கும். மழை நாளில் 22 டிகிரியில் நிற்கும் வண்டிக்கு அது போதாது, இன்ஜினைச் சூடாக்கிவிட்டுப் போட வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வேக்கம் பம்பாக வைத்திருக்கும் பட்டறைகளில் இது இன்னும் மோசம். வால்பாறையில் போட்டால் வேறு வேடிக்கை. அங்கே காற்றழுத்தமே குறைவு. எவ்வளவு நல்ல பம்பு போட்டாலும் கேஜ் 26 அங்குலத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். அதைப் பார்த்து லீக் என்று நினைத்து எதையும் கழற்ற வேண்டாம். முக்கால் மணி நேரம் இழுத்து, வால்வை மூடி, கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. சிஸ்டம் நாள் கணக்கில் திறந்து கிடந்தால் டிரையரைப் புதிதாகப் போட வேண்டும். பழைய டிரையர் குடித்த ஈரத்தை எந்தப் பம்பும் முழுதாக எடுக்காது.

கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். சின்னக் கார்களுக்கு 350 முதல் 600 கிராம்; சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். 450 கிராம் டப்பா ஒன்றை முழுதாக விட்டுவிட்டு "ஒண்ணு போதுங்க" என்பது 350 கிராம் வண்டிக்கு அதிகம். கம்ப்ரசர் ஆயிலும் பாகத்துக்கேற்ப ஊற்ற வேண்டும்: கன்டென்சரோ கூலிங் காயிலோ மாற்றினால் 25, 30 மில்லி. அதிகம் ஊற்றினாலும் குளிர் குறையும். விலை பாதி என்று சமையல் கேஸ் வகைக் கலவை ஏற்றுபவர்களிடம் போகாதீர்கள். கூலிங் காயில் உள்ளே கசிந்தால் அந்த எரிவாயு நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வரும்.

பானெட் பக்கம் விர்ரென்ற சத்தம் ஏசி அணைந்திருக்கும்போதும் இருந்தால் கம்ப்ரசர் புல்லி பேரிங், ஏசி போட்டால் மட்டும் என்றால் கம்ப்ரசர் உள்ளே அல்லது அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட். போட்ட கணத்தில் மட்டும் கீச்சென்றால் பெல்ட் தளர்வு. இந்த மூன்றில் விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

மழைக்காலம் முடியும்போது இடது முன் சீட்டின் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்திருந்து, தண்ணீர் நிறமில்லாமல் இருந்தால் கூலிங் காயிலின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. தீத்தடுப்புச் சுவரின் இடது பக்கம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ரப்பர் மூக்கைப் பிடித்து அழுத்தி விட்டால் மண்ணும் நாரும் கலந்த தண்ணீர் கொட்டும். வரவில்லை என்றால் கீழிருந்து மெல்லிய ஒயரைச் சற்றே விட்டு எடுங்கள், ஆழமாகக் குத்தினால் காயில் ஓட்டையாகும். தண்ணீர் பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியிலும் எண்ணெய்ப் படலம் படிந்தால் அது ஏசித் தண்ணீர் இல்லை, ஹீட்டர் காயிலிலிருந்து கசியும் கூலன்ட். அப்போது ஏசிக்காரரை விட்டுவிட்டு ரேடியேட்டர் மட்டத்தைப் பாருங்கள்.